தகட்டில் ஏறிய நிறை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



 மிஷன் பாடசாலையில் தமிழிற் கற்ற விஞ்ஞானத்தை இன்று பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்று வருகின்றோம். ஒரு பொருளை உண்மையில் விளங்கிக்கொண்டோமா என்று அறிய வேண்டுமாயின், அதனை வீட்டிலுள்ளோர்க்குத் தமிழில் விளக்கிப் பார்க்க வேண்டும். அங்ஙனம் விளக்க முயன்று, விடை கூற இயலாது நாம் விழித்த ஒரு கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, வீட்டு விறாந்தையில் இருந்து எமது பரிசோதனைக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். எமது பேரனார் பக்கத்திற் சாய்வு நாற்காலியில் இருந்தார். பல ஆண்டுகள் சங்கக் கடையிற் கணக்கெழுதியவர் அவர். எண்களைக் கண்டால் எட்டிப் பாராமல் இருக்கமாட்டார். ஒரு பக்கத்தில் எண்ணொன்று ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டு, அதன் கீழ் வேறோர் எண் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, இஃது என்ன கணக்கு என்று வினவினார். செப்புக் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளை நிறுத்தி மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு தகட்டின் நிறை கூடும் என்றும், எவ்வளவு கூடியது என்பதே இக்கணக்கு என்றும் கூறினோம். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"தம்பி, கரண்டு ஓடினதாலை தகடு பாரம் கூடினதெண்டால், கரண்டுக்கும் பாரம் இருக்கெண்டுதானே கருத்து? உள்ளை போன கரண்டு தகட்டிலை உறைஞ்சு போச்சோ?"

"இல்லை, அப்பு" என்றோம்.

"அப்ப அந்தப் பாரம் எங்கையிருந்து வந்தது?"

எமக்குச் சூத்திரம் நினைவுக்கு வந்தது, விடை வரவில்லை. சூத்திரம் எவ்வளவு என்பதைக் கூறும். அவர் கேட்டதோ எங்கிருந்து என்பது. அந்த விடையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

முதலிற் பரிசோதனையைக் காண்போம். ஒரு முகவையிற் செப்புச் சல்பேற்றுக் கரைசல் இருக்கின்றது. இந்த உப்பின் நீலநிறத்தைப் பாடசாலையிற் படித்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதனுள் இரண்டு செப்புத் தகடுகள், ஒன்றையொன்று தொடாமல், நேருக்கு நேராக நிற்கின்றன. இரண்டையும் அரத்தாளினால் தேய்த்துக் கழுவி உலர்த்தித் தராசில் நிறுத்து, நிறையைக் குறித்து வைத்திருக்கின்றோம். பற்றரியின் நேர் முனையோடு தொடுத்த தகட்டை அனோட்டு என்றும், எதிர் முனையோடு தொடுத்த தகட்டைக் கதோட்டு என்றும் அழைப்பர். இரண்டுக்கும் பொதுப்பெயர் மின்வாய். ஓர் அம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்திய பின் தகடுகளை எடுத்துப் பார்த்தால், கதோட்டின் மீது இளஞ்சிவப்பு நிறமான புதுச் செம்பு படிந்திருக்கும். நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1.19 கிராம் கூடியிருக்கும்.

இங்கே பலர் நிறுத்திவிடுவர். மற்றத் தகட்டையும் நிறுக்க வேண்டும். அனோட்டு ஏறக்குறைய அதே 1.19 கிராமை இழந்திருக்கும்! கரைசலின் நீலமோ முன்னிருந்தபடியே இருக்கும். ஆகவே பேரனாரின் கேள்விக்குப் பாதி விடை தராசிலேயே கிடைத்துவிட்டது. ஒரு தகட்டில் ஏறியது, மற்றத் தகட்டில் இறங்கியதே. உலகத்திற் செம்பின் அளவு ஓர் அணுவேனும் கூடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே.

எங்ஙனம் இடம் மாறியது? செப்புக் கம்பியினூடாகச் செல்வது இலத்திரன். திரவத்தினூடாகச் செல்வது இலத்திரன் அன்று, அயன். அனோட்டிலுள்ள செப்பணு ஒன்று தன் இலத்திரன்கள் இரண்டைத் தகட்டிலே விட்டுவிட்டு நீருள் இறங்குகின்றது. இரண்டு எதிரேற்றங்களை இழந்தமையால் அது நேரேற்றம் பெற்ற செப்பு அயன் ஆகின்றது. கரைசலுக்கு நீலநிறத்தைத் தருவன இந்த அயன்களே. விடப்பட்ட இலத்திரன்கள் கம்பி வழியே பற்றரியை நோக்கிச் செல்ல, பற்றரி மறுபுறத்தில் அதே தொகை இலத்திரன்களைக் கதோட்டுக்குத் தள்ளுகின்றது. நேரேற்றமுள்ள அயன்கள் எதிரேற்றமுள்ள கதோட்டை நாடிச் செல்லும். கதோட்டை அடைந்த அயன் ஒன்று இரண்டு இலத்திரன்களைப் பெற்று மீண்டும் செப்பணுவாகி அங்கேயே தங்கிவிடுகின்றது. இரண்டு காப்புகளை ஒரு கடையில் அடகு வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனவன், வேறோர் ஊரில் அதே விதமான இரண்டு காப்புகளைப் பெற்றுக் குடியேறியதைப் போன்றது இது. அவன் விட்டுச்சென்ற காப்புகளே அவன் கையில் வந்து சேர வேண்டும் என்பதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாற் போதும்.

அப்படியானால் பேரனார் எண்ணியது முற்றிலும் பிழையோ? அதுவும் அன்று. இலத்திரனுக்கும் திணிவு உண்டு. கதோட்டிற் சேர்ந்த செம்பில் கம்பி வழியே வந்த இலத்திரன்களின் பங்கும் இருக்கின்றது. ஆனால் அப்பங்கு ஏறக்குறைய 58,000 இல் ஒன்று. ஒரு கிராம் செம்பு படிந்தால், அதில் இலத்திரன்கள் கொண்டுவந்த நிறை எமது ஆய்வுகூடத் தராசின் முள்ளை அசைக்கவும் போதாது. மிகுதி முழுவதும் நீர்வழி வந்ததே.

இதனை இன்னொரு வகையாலும் உறுதிப்படுத்தலாம். அனோட்டாகச் செப்புத் தகட்டுக்குப் பதில் ஒரு கரிக்கோலை வைத்துப் பாருங்கள். கதோட்டில் முன்போலவே செம்பு படியும். ஆனால் கரி, செம்பைக் கொடுக்கமாட்டாது. ஆகவே செம்பு முழுவதும் கரைசலிலிருந்தே எடுக்கப்படும். நீலம் நேரத்துக்கு நேரம் வெளிறிக்கொண்டு போகும். கரிக்கோலிலிருந்து ஒட்சிசன் குமிழிகள் எழும். கரைசலில் அமிலம் பெருகும். வரவு நின்ற வீட்டில் இருப்புக் கரைவது போலக் கரைசல் தன் செல்வத்தை இழக்கும். நிறை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வெளிறிய நீலமே சாட்சி.

இனி இக்கணக்கைக் கண்டறிந்தவரைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். 1791 இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் மைக்கேல் பரடே. பதினான்காம் வயதிற் புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவரிடம் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்திற் பற்றுக் கொண்டார். 1812 இல் சேர் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தம் கையாலே அழகுறக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். அதன் பயனாக 1813 இல் இலண்டனிலுள்ள றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் நிலையத்தில் உதவியாளரானார். உருகிய காரங்களை மின்னினாற் பகுத்துப் பொற்றாசியம், சோடியம் ஆகிய உலோகங்களை 1807 இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் அந்த டேவியே. ஆனால் எவ்வளவு மின்னுக்கு எவ்வளவு பொருள் என்னும் திட்டமான கணக்கை டேவி வகுக்கவில்லை. அது புத்தகம் கட்டிய கையினால் வகுக்கப்படக் காத்திருந்தது.

1830 களின் தொடக்கத்திற் பரடே இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். மின்வாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். அமிலத்தைச் செறிவாக்கினார், ஐதாக்கினார். ஒரே மின்னோட்டம் பல கலங்களினூடாக ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுமாறு தொடுத்தார். எங்ஙனம் மாற்றினாலும், சென்ற மின்னின் அளவு ஒன்றானால், நீர் பகுக்கப்பட்ட அளவும் ஒன்றாகவே இருக்கக் கண்டார். வெள்ளீயக் குளோரைட்டை வெப்பத்தால் உருக்கி, பிளாற்றினக் கம்பியிற் சேர்ந்த வெள்ளீயத்தையும் நிறுத்துப் பார்த்தார். 1834 இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றைச் சுருங்கக் கூறின் இரண்டு: சேரும் பொருளின் நிறை, சென்ற மின்னின் அளவுக்கு நேர்விகிதமானது, ஒரே அளவு மின், வெவ்வேறு பொருள்களை அவற்றின் இரசாயனச் சமவலு நிறைகளின் விகிதத்திற் சேர்க்கும்.

புதிய பொருளுக்குப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன. பாடசாலைக் கல்வி அதிகம் பெறாத பரடே, கேம்பிரிட்ஜிலிருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞரை நாடினார். அனோட்டு, கதோட்டு, அயன் என்ற சொற்கள் கிரேக்க மொழியிலிருந்து அவ்வாறு பிறந்தவை. அனோட்டு என்றால் மேலே செல்லும் வழி. கதோட்டு என்றால் கீழே செல்லும் வழி. அயன் என்றால் செல்வது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்கு அப்பெரியார் கூசவில்லை என்பதை எம்போன்ற மாணவர் மனத்திற் கொள்வது நன்று.

இரண்டாம் விதியைச் சிறிது விளக்குவோம். வெள்ளி நைத்திரேற்றுக் கலம் ஒன்றையும் செப்புச் சல்பேற்றுக் கலம் ஒன்றையும் தொடராக இணைத்து ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தினால், 1 கிராம் செம்பு படியும் நேரத்தில் ஏறக்குறைய 3.4 கிராம் வெள்ளி படியும். வெள்ளியணு செப்பணுவிலும் பாரமானது; ஆனால் 3.4 மடங்கு பாரமானதன்று; 1.7 மடங்கே. மற்ற இரட்டிப்பு எங்கிருந்து வந்தது? வெள்ளி அயன் இழந்திருப்பது ஓர் இலத்திரனை; இக்கரைசலிலுள்ள செப்பு அயன் இழந்திருப்பது இரண்டை. ஒரு தொகை இலத்திரன்களைப் பங்கிட்டால், வெள்ளியில் இரண்டு அணுக்கள் பயன்பெறும்போது செம்பில் ஓரணுவே பயன்பெறும். இதுவே வலுவளவு எனப்படுவது. 96,485 கூலோம் மின், 107.87 கிராம் வெள்ளியைச் சேர்க்கும்; செம்பாயின் 31.77 கிராம். அந்த மின்னளவுக்குப் பரடே என்றே பெயரிட்டனர்.

பரடேயின் காலத்தில் இலத்திரனை எவரும் அறியார். ஆயினும் 1881 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பொருள் அணுக்களால் ஆனதாயின் மின்னும் பிரிக்கவியலாச் சிறு கூறுகளால் ஆனதாதல் வேண்டும் என்று பரடேயின் விதிகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். 1897 இல் தொம்சன் இலத்திரனின் இருப்பை நிலைநாட்டினார். தகட்டில் ஏறிய நிறையைக் கவனமாக நிறுத்தவர்கள், காணாத ஒரு துகளின் வருகையை முன்கூட்டியே அறிந்துகொண்டனர் என்று கூறலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மின்னைச் செலுத்தினால் எம்மின்வாயும் நிறை கூடும் என்று எண்ணற்க. உப்புநீரில் மின்னைச் செலுத்தினாற் கதோட்டிற் சோடியம் படியாது. ஐதரசன் வாயுவே வெளிவரும். மோட்டார் வண்டியின் ஈயப் பற்றரியில் நிகழ்வது இன்னும் வியப்பானது. பற்றரி மின்னைக் கொடுக்கும்போது அதன் இருவகைத் தகடுகளும் ஈயச் சல்பேற்றாக மாறி நிறை கூடும், அமிலம் மெலியும். வெளியிலிருந்து மின்னைச் செலுத்தி மீண்டும் ஏற்றும்போது தகடுகள் நிறை குறையும், அமிலம் செறிவடையும். பற்றரி திருத்துவோர் அமிலத்தின் அடர்த்தியை அளந்தே பற்றரியின் நிலையைக் கூறுவது இதனாலேயாம். எங்கும் விதி ஒன்றே: தகடு பெற்றதைத் திரவத்திலும் மற்றத் தகட்டிலும் தேடுக.

இந்தச் சிறு நிறையேற்றம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. தோமஸ் எடிசன் 1882 இல் நியூயோர்க் நகரின் பேள் வீதியில் மின்நிலையத்தைத் தொடங்கியபின், பாவனையாளர் செலவிட்ட மின்னை எங்ஙனம் அளப்பது என்ற வினா எழுந்தது. அதற்கு அவர் கையாண்டது பரடேயின் விதியே. நாகச் சல்பேற்றுக் கரைசலில் நாகத் தகடுகள் நின்ற கலத்தை ஒரு பெட்டியில் வைத்து, வீட்டுக்குச் செல்லும் மின்னின் மிகச் சிறிய, திட்டமான பங்கு ஒன்றை அதனூடாகச் செலுத்தினார். மாதந்தோறும் ஊழியர் வந்து தகடுகளை எடுத்துச் சென்று, கழுவி உலர்த்தி நிறுப்பர். நிறையின் மாற்றமே மின்கட்டணம். குளிர்காலத்திற் கரைசல் உறையாதிருக்கப் பெட்டிக்குள் ஒரு மின்விளக்கையும் வைத்தனர். சங்கக் கடையிற் சீனி நிறுப்பது போல மின்னையும் நிறுத்து விற்ற காலம் ஒன்று இருந்தது!

இதனினும் பெரிது ஒன்று. அம்பியர் என்னும் அலகையே இத்தகடு தாங்கி நின்றது. 1908 இல் இலண்டனிற் கூடிய சர்வதேச மாநாடு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலிருந்து ஒரு செக்கனுக்கு 0.00111800 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மாறா மின்னோட்டமே சர்வதேச அம்பியர் என வரையறுத்தது. அந்த வரையறை 1948 இல் கைவிடப்பட்டது. 2019 ஆம் ஆண்டு முதல் இலத்திரனின் ஏற்றத்தையே மாறா எண்ணாகக் கொண்டு அம்பியர் வரையறுக்கப்படுகின்றது. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக, உலகின் மின்னோட்ட அளவுகள் யாவும், எவரோ ஒருவர் ஒரு வெள்ளிப் படிவைச் சிந்தாமற் கழுவி, உலர்த்தி, கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதினார் என்ற நம்பிக்கையின் மீது நின்றன.

கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதுதல் எளிதன்று என்பதை எமது அனுபவத்தால் அறிவோம். இங்கேதான் அந்த வெட்டிய எண்ணின் கதை வருகின்றது.

செப்புப் பரிசோதனையை நாமும் தோழர் ஒருவரும் சேர்ந்து செய்தோம். 0.4 அம்பியரில் ஒரு மணி 40 நிமிடம் செலுத்துமாறு விதித்திருந்தார்கள். மொத்தம் 2,400 கூலோம். விரைவில் முடித்துவிட்டு வெளியே செல்ல எமக்கு ஆசை. 2 அம்பியரை 20 நிமிடம் செலுத்தினாலும் அதே 2,400 கூலோந்தானே என்று கணக்குப் பார்த்தோம். சூத்திரம் தடுக்கவில்லை. ஆனால் கதோட்டில் இளஞ்சிவப்புச் செம்பு படியவில்லை. கருங்கபிலமான தூள் போன்ற ஒன்று படிந்தது. கழுவும்போது ஒரு பகுதி நீரோடு போயிற்று. நிறுத்துப் பார்த்தோம். 0.79 கிராம் கூடியிருக்க வேண்டும், கூடியிருந்தது 0.68.

மீண்டும் செய்ய நேரமில்லை. "0.79 என்று போடுவோம், எல்லாரும் அப்படித்தானே போடுகினம்" என்றார் தோழர். அவர்மீது பழி போடுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்த எண்ணை எழுதிய கை எமது கையே. எழுதிய மை காயுமுன் விரிவுரையாளர் வந்தார். தகட்டைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தகட்டைத் தராசில் வைத்தார். அந்தச் சில வினாடிகளில் நாம் பட்ட வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

அவர் ஏசவில்லை. மற்றத் தகட்டையும் நிறுக்கச் சொன்னார். அது 0.80 கிராம் குறைந்திருந்தது. "அனோட்டிலிருந்து இறங்கிய செம்பு எங்கே போயிற்று?" என்று கேட்டார். கழுவிய நீரும் முகவையின் அடியிற் கிடந்த கரைசலும் இன்னும் ஊற்றப்படாமல் இருந்தன. அவற்றை வடிதாளில் வடிக்கச் செய்தார். தாளில் நின்ற கபிலத் தூளைக் கழுவி உலர்த்தி நிறுத்தோம். 0.10 கிராம்! தகட்டிலிருந்த 0.68 உம் தாளிலிருந்த 0.10 உம் சேர்ந்து 0.78. பரடே பிழைக்கவில்லை, நாமே பிழைத்தோம்.

மின்னோட்டம் மிகும்போது, தகட்டருகே உள்ள அயன்கள் செலவாகும் வேகத்துக்குத் தூரத்திலுள்ளவை வந்து சேர முடிவதில்லை. அப்போது செம்பு இறுக்கமாகப் படியாது, தூளாகத் தளர்ந்து படிகின்றது. இக்காரணத்தை அன்றே அறிந்தோம். 0.79 என்று எழுதி நல்ல புள்ளி பெற்றுச் சென்றிருந்தால், இதனை என்றும் அறிந்திருக்கமாட்டோம். குறைந்த அந்த 0.11 கிராமே எமக்குப் பாடம் சொல்லித் தந்தது. பொய் எண் அந்த ஆசிரியரின் வாயை அடைத்திருக்கும். "அழிக்க வேண்டாம். ஒரு கோட்டால் வெட்டிவிட்டுக் கீழே எழுதுங்கள்" என்று கூறிச் சென்றார் விரிவுரையாளர். பேரனார் கண்ட பக்கம் அதுவே.

பெரியோர்களே, நாம் பேரனாருக்கு இவை யாவற்றையும் அன்று மாலையே கூறினோம். கரண்டு உறையவில்லை, மற்றத் தகட்டுச் செம்பே நீர்வழி நடந்து வந்தது என்று விளக்கினோம். வெட்டிய எண்ணின் கதையையும் ஒளியாமற் கூறினோம். அவர் குறிப்பேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தார். சங்கக் கடையில் வருட முடிவில் இருப்பெடுக்கும் காலம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"கணக்குப் பிழைச்சால் எண்ணை மாத்தக் கூடாது, தம்பி. சாமானைத் தேட வேணும்" என்றார்.

பல்கலைக்கழகத்திற் பல மணி நேரம் கேட்ட பாடத்தை இதனினும் சுருக்கமாக எம்மாற் கூற இயலாது.